பூட்டுப் போட்ட வரிசை

மழை வந்தால் எங்கள் பஸ் டிப்போவில் முதலில் ஒழுகுவது டிரைவர்களின் ஓய்வறைதான். தகரக் கூரையில் ஓர் ஓட்டையை அடைத்தால் பக்கத்திலேயே இன்னொன்று வாயைப் பிளக்கும். ஒழுகும் இடங்களில் எல்லாம் காலி ஆயில் டப்பாக்களை வைத்துவிட்டு, ஒழுகாத ஒரே மூலையில் கம்ப்யூட்டரை வைத்திருந்தார்கள். டிரைவர் நனையலாம், கம்ப்யூட்டர் நனையக் கூடாது. அதில்தான் டூட்டி சார்ட் இருந்தது.

அந்தச் சார்ட்டைச் செய்தவள் எனக்கு எதிர் மேஜைக்காரி. நான் ஸ்டோர் கீப்பர். பல்பு, பெல்ட், பிரேக் லைனிங் எடுத்துக் கொடுக்கிற ஆள். அவள் டூட்டி போடுகிற கிளார்க். டிப்போ மொத்தமும் அவளைச் சார்ட் அக்கா என்றுதான் கூப்பிடும். குவார்ட்டர்ஸிலும் எனக்கும் அவளுக்கும் ஒரே சுவர். அந்தச் சுவரைக் கட்டின காண்ட்ராக்டர் சிமெண்டைத் தன் சொந்த வீட்டுக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும், அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். ஆகையால் நான் சொல்வதில் பாதி காதால் கேட்டது, மீதி கண்ணால் பார்த்தது.

முன்பெல்லாம் டூட்டி வேண்டும் என்றால் அக்காவின் ஜன்னலில் வந்து நிற்பார்கள். ஒருவன் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்பான், ஒருவன் தனக்கே சரியில்லை என்பான். கேட்டுக் கேட்டு அக்காவுக்குக் காது புளித்துப்போய், கம்ப்யூட்டரில் ஒரு ஷீட் போட்டாள். டிரைவர் ஒருவருக்கு ஒரு வரிசை. வரிசையில் மூன்று கட்டம்: ஷிப்ட், ரூட், வார ஓய்வு. மாதக் கடைசி வாரத்தில் அவரவர் வந்து வேண்டியதை அடித்துவிட்டுப் போகலாம். அப்புறம் ஷீட்டை மூடிவிட்டு, சீனியாரிட்டி பார்த்து அக்கா டூட்டி பிரிப்பாள். ஒன்றும் அடிக்காதவனுக்கு மிச்சம் மீதி.

முதல் மாதம் கூத்தாகிவிட்டது. ஒருவன் இன்னொருவனுடைய ஓய்வு நாளை அழித்தான். ஒருவன் கணக்குப் போடுகிற கட்டத்திலேயே தன் பேரை அடித்தான். ஒரு புண்ணியவான் வண்டி கழுவுகிற டூட்டியில் மேனேஜர் பேரைப் போட்டுவிட்டான். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பூட்டுப் போடக் கற்றுக்கொண்டாள்.

எனக்கும் சொல்லிக்கொடுத்தாள். "இதுல எல்லாக் கட்டமும் பொறக்கும்போதே பூட்டோடதான் பொறக்குது தம்பி. ஆனா ஷீட்டுக்குக் காவல் போடுற வரைக்கும் அந்தப் பூட்டு வேலை செய்யாது. அதனால முதல்ல அவங்க அடிக்க வேண்டிய கட்டத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, பூட்டுன்னு எழுதியிருக்கிற இடத்துல டிக்கை எடுத்துடணும். அப்புறம் பாஸ்வேர்டு வச்சுக் காவல் போட்டா, டிக் எடுத்த கட்டம் தொறந்திருக்கும், மத்தது எதுலயும் கை வைக்க முடியாது."

"கை வச்சா?"

"கட்டம் பாதுகாப்புல இருக்குன்னு ஒரு சின்னப் பெட்டி வந்து நிக்கும். ஓகேன்னு அமுக்கிட்டுப் போக வேண்டியதுதான்."

மாதாமாதம் புதிதாகச் செய்வதில்லை. போன மாத ஷீட்டையே நகல் எடுத்து, தேதியை மாற்றி, அடித்ததை அழித்துவிட்டு வைப்பாள். வேலை சுருக்கம். அந்தச் சுருக்கம்தான் பின்னால் வினையாக வந்து நின்றது.

அக்காவின் வீட்டுக்காரரும் எங்கள் டிப்போ டிரைவர்தான். நல்ல சீனியர். பேச்சு என்பது அவருக்கு டீசல் மாதிரி, வீணாகச் செலவு செய்ய மாட்டார். சைலன்சர் என்று பேர் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் சிரித்துக்கொண்டு திரும்பிப் பார்ப்பார். கல்யாணம் ஆன புதிதில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு முடிவு எடுத்திருந்தார்கள்: டிப்போ விஷயம் வீட்டுக்குள் வரக் கூடாது. ஒரே இடத்தில் வேலை பார்க்கிற ஜோடிகள் சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு டூட்டிக்காகச் சண்டை போட்டு மூலைக்கொன்றாகப் போனதை அவர்கள் பார்த்திருந்தார்கள். செருப்பை வாசலில் விடுகிற மாதிரி டிப்போவையும் வாசலில் விட்டார்கள். நானே சாட்சி. மழை, மகளின் காலேஜ், கீரை முற்றல், அரிசியில் கல், எல்லாம் சுவரைத் தாண்டி வரும். டூட்டி என்ற சொல் மட்டும் வராது.

டிப்போவில் வக்கீல் என்று ஒருவன் இருந்தான். கோர்ட்டு வாசலை மிதித்ததில்லை, அவனும் டிரைவர்தான். ஆனால் டீயில் சர்க்கரை குறைந்தால்கூட சட்டம் பேசுவான். ஷீட் வந்த கொஞ்ச நாளில், ஒரு மாதம் சைலன்சருக்குப் பைபாஸ் ரூட் விழுந்தது. அவர் எதையும் அடிக்கவில்லை, மிச்சத்தில் இருந்தது சீனியாரிட்டிப்படி சரியாகத்தான் விழுந்தது. வக்கீல் ஓய்வறை நடுவில் நின்றுகொண்டு ஆரம்பித்தான்.

"பாஸ்வேர்டு பெண்டாட்டி கையில. பைபாஸ் புருஷன் கையில. நான் ஒண்ணும் சொல்லலப்பா, எடுத்துக் காட்டுறேன், அவ்வளவுதான்."

ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அக்காவின் முகம் சுண்டிப்போனது. அன்று அவள் டீ குடிக்கவில்லை. அந்த மாதக் கடைசியில் புது ஷீட் வைத்தபோது என்ன செய்தாள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு சைலன்சருக்கு நிரந்தரமாக மார்க்கெட் ரூட் விழ ஆரம்பித்தது. அந்த ரூட்டை யாரும் கேட்க மாட்டார்கள். மொத்த மார்க்கெட்டுக்குள் நுழைந்து வெளியே வர வேண்டும். ஒரு பக்கம் லாரி மூட்டை இறக்கும், ஒரு பக்கம் தள்ளுவண்டி, நடுவில் ஸ்கூல் பிள்ளைகள். முதல் கியர், இரண்டாவது கியர், மறுபடியும் முதல். மூன்றாவது கியரைப் போட்டவனுக்கு மாலை போடலாம். இடது கால் கிளட்சை விட்டு இறங்கவே இறங்காது. பைபாஸில் ஏறிவிட்டால் அந்தக் கால் விருந்தாளி மாதிரி சும்மா உட்கார்ந்து வரும்.

"அண்ணே, எதையாவது அடிச்சு வைங்கண்ணே. ஒண்ணும் அடிக்காம விட்டா மார்க்கெட்தான் தலையில கட்டுவாங்க" என்று நான் ஒரு தடவை சொன்னேன்.

"பாக்கலாம் தம்பி" என்றார். அவ்வளவுதான்.

அக்காவுக்கோ உள்ளுக்குள் ஒரே பெருமை. "உங்க அண்ணன் வரிசையைப் பாத்தியா? எல்லாம் காலி. மத்தவன் எல்லாம் அது வேணும் இது வேணும்னு அடிச்சுத் தள்ளுறான். இந்த மனுஷன் வாயைத் தொறந்து ஒண்ணு கேட்டதில்ல" என்று என்னிடம் சொல்லிக்கொள்வாள். சொல்லும்போது முகத்தில் ஒரு பூரிப்பு இருக்கும். எனக்கும் அவர் மேல் மரியாதை கூடிப்போகும். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு மனுஷனை மகான் ஆக்கிவைத்திருந்தோம்.

மழைக்காலம் தொடங்கியதும் அவர் நடையில் ஒரு சாய்வு வந்தது. சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் மகள் வெந்நீர்ப் பையை வைத்து ஒற்றுவது பேச்சிலேயே தெரியும். "அப்பா, முட்டி பந்து மாதிரி இருக்குப்பா." "ஈரத்துக்கு அப்படித்தான் இருக்கும்." "மழை இல்லாதப்பவும் இருந்துச்சேப்பா."  அக்கா இஞ்சி தட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

ஒருநாள் மத்தியானம், மார்க்கெட் வளைவில் வண்டி நின்றது. வண்டிக்கு ஒன்றுமில்லை, காலால் கிளட்சை மிதிக்க முடியவில்லை. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்து ஊரைக் கூட்டிவிட்டன. கண்டக்டர் ஏறிப் பார்த்தால், மனுஷன் ஸ்டீயரிங்கில் நெஞ்சைச் சாய்த்துக்கொண்டு, வியர்வை ஒழுக, இரண்டு கையாலும் தன் தொடையைத் தூக்கி வைத்து மிதிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அப்போதும் கூப்பிடவில்லை. நாலு பேர் சேர்ந்து இறக்கினார்கள்.

ஆஸ்பத்திரிக்கு அக்காவோடு நானும் போனேன். முட்டியில் கட்டிய நீரை ஊசி போட்டு எடுத்தார்கள். டாக்டர் நல்ல மாதிரி. "கொஞ்ச நாள் ஓய்வு எடுத்தா வண்டி ஓட்டலாம். ஆனா கிளட்ச் அதிகம் இல்லாத ரூட்டா இருக்கணும். மறுபடி அதே ரூட்ல போனீங்கன்னா நான் டிரைவிங்குக்கு லாயக்கில்லைன்னுதான் எழுதிக் கொடுக்கணும்" என்று சொல்லி லெட்டர் கொடுத்தார்.

லாயக்கில்லை என்றால் என்ன என்று எங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கேட்டில் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். வண்டி வரும்போது குறுக்குக் கம்பியைத் தூக்கி, போனதும் இறக்க வேண்டும். கேட்டுக்குப் போனவன் ஸ்டீயரிங்குக்குத் திரும்பினதாக எங்கள் டிப்போவில் யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆட்டோவில் வரும்போது சைலன்சர் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார், "கேட்ல மட்டும் உக்கார வச்சிடாதீங்க." யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. 

அன்று சாயங்காலம்தான் அந்த வீட்டில் முதல் தடவையாக டூட்டிப் பேச்சு வந்தது. நான் பாத்திரத்தில் அவர்களுக்கும் சேர்த்துக் கஞ்சி கொண்டுபோயிருந்தேன். அவர் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். மகள் தலையணையைக் காலுக்குக் கீழே சரிசெய்துகொண்டிருந்தாள். அக்கா நின்றுகொண்டே பொரிந்தாள்.

"ஏங்க, இப்படியா ஒரு மனுஷன் இருப்பான்? முட்டி இப்படி வீங்கிக் கெடக்கு, ஒரு வார்த்தை அடிச்சு வச்சிருந்தா பைபாஸ் வந்திருக்குமே. உங்க சீனியாரிட்டிக்கு யாரு தடுக்கப் போறா? மாசாமாசம் காலியா விட்டுட்டு, இப்ப கால உடைச்சுக்கிட்டு வந்து படுத்திருக்கீங்க. கேட்டா என்ன, வாயில முத்து உதிர்ந்துடுமா?"

அவர் கூரையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"கேட்டேனே."

"எங்க கேட்டீங்க?"

"ஷீட்லதான். மாசாமாசம் போய் அடிச்சுப் பாத்தேன். ஏறல. பூட்டியிருக்குன்னு பெட்டி வந்துச்சு."

"பூட்டியிருக்கா? உங்களுதா?"

"மேலயும் கீழயும் எல்லாருக்கும் ஏறுது. என்னுது மட்டும் ஏறல. சரி, நீ தெரிஞ்சுதான் செஞ்சிருப்பேன்னு விட்டுட்டேன்."

"என்கிட்ட கேட்டிருக்கலாமேங்க!"

"வீட்லதான் அதைப் பேசறதில்லையே."

"ஆபீஸ்ல?"

"ஜன்னல்ல வந்து நின்னா, புருஷன் வந்து நிக்கிறான்னு உனக்குத்தானே கெட்ட பேரு."

அக்கா சுவரோடு சாய்ந்துவிட்டாள். அவள் முகத்தில் ஒவ்வொன்றாக ஞாபகம் வருவது தெரிந்தது. வக்கீல் பேசிய மாதம், புருஷன் எதுவும் கேட்க முடியாதபடி இருந்தால் வாய்கள் அடங்கும் என்று அந்த ஒரு வரிசைக்கு மட்டும் அவளே பூட்டு டிக்கைப் போட்டிருந்தாள். ஒரு மாதத்துக்குத்தான் என்று நினைத்தாள். அடுத்த மாதம் அந்த ஷீட்டையே நகல் எடுத்தாள். நகலோடு பூட்டும் வந்தது. டூட்டி பிரிக்க உட்காரும்போது பாஸ்வேர்டு போட்டு மொத்தத்தையும் திறந்துவிட்டுத்தான் உட்காருவாள், அதனால் எந்தக் கட்டமும் அவளைத் தடுத்ததில்லை. காலியாகக் கிடந்த வரிசையில் மார்க்கெட் ரூட்டைத் தன் கையாலேயே அடித்து வந்திருக்கிறாள். அதற்கு மேல் பெருமை வேறு பட்டிருக்கிறாள்.

"பைபாஸ்தானே கேட்டீங்க?" என்றாள், குரல் உடைந்து.

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மகள் எழுந்துபோய் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, அழாதம்மா. அப்பா, நீங்களும்தான் இப்படியா இருப்பீங்க? ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்பிட்டுட்டு..." என்று சொல்ல வந்தவள் அவளே அழுதுவிட்டாள். நான் கஞ்சிப் பாத்திரத்தை வைத்துவிட்டு வெளியே வந்து மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் மேனேஜரிடம் போனாள். அவர் டாக்டர் லெட்டரைப் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"லைட் ரூட் கொடுக்கலாம்மா. ஆனா அடுத்த மாச ஷீட் மூடியாச்சு. பைபாஸ் வக்கீலுக்குப் போயிடுச்சு. மூடின ஷீட்டைத் தொறக்கக் கூடாதுன்னு நீங்க போட்ட ரூல்தானே? இப்ப உங்க வீட்டுக்காரருக்காகத் தொறந்தா அந்த ஆள் என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவான். ரூட் இல்லைன்னா லெட்டர்படி நான் கேட்டுக்குத்தான் அனுப்பணும்."

"எல்லார் முன்னாடியும் தொறக்கிறேன் சார். அவங்க வேணாம்னா மூடிடறேன்."

மாதக் கடைசி நாள், காலை ஷிப்ட் முடிந்து மதிய ஷிப்ட் ஏறும் நேரம். ஓய்வறையில் நிற்க இடமில்லை. ஆயில் டப்பாக்களில் மழை சொட்டிக்கொண்டிருந்தது. சைலன்சரை மகள் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து பெஞ்சில் உட்காரவைத்தாள். அக்கா கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்றாள். எப்போதும் ஜன்னலுக்குள் இருந்து பார்த்தே பழகிய கூட்டம் அது, வெளியே நிற்க அவளுக்குக் கை கால் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"எங்க வீட்டுக்காரர் வரிசையை நான் பூட்டிட்டேன்" என்று ஆரம்பித்தாள். "ஒரு மாசத்துக்குன்னு பூட்டினது. தொறக்க மறந்துட்டேன். அவர் ஒவ்வொரு மாசமும் வந்து அடிச்சுப் பாத்திருக்கார், ஏறல. நான் அவர் எதுவுமே கேக்கலன்னு மார்க்கெட்டைப் போட்டேன். இப்ப அவருக்குக் கால் போச்சு. மூடின ஷீட்டைத் தொறந்து அவரை ஒரு தடவை அடிக்க விடணும்னு கேக்கறேன். பைபாஸ்ல இருக்கிறவருக்கு இடம் மாறும். வேணாம்னா சொல்லிடுங்க."

எல்லார் கண்ணும் வக்கீல் மேல் போனது. அவன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். 

"ஒரு நிமிஷம் மேடம். பூட்டினது யாரு?"

"நான்தான்."

"எதுக்கு?"

"நீங்க பேசினதுக்குப் பயந்து."

"நான் பேசுவேன் மேடம். டீ சரியில்லன்னாலும் பேசுவேன், மழை பெஞ்சாலும் பேசுவேன். என் பேச்சைக் கேட்டு என் வீட்டுல பூனைகூட எந்திரிக்காது. நீங்க அதுக்காக ஒரு டிரைவரோட வரிசையைப் பூட்டுவீங்களா? எந்த ரூல்ல இருக்கு? யாரு உத்தரவு கொடுத்தா?"

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. அவன் சிரிக்கவில்லை. குரல் ஏறிக்கொண்டே போனது.

"சீனியாரிட்டியில எனக்கு மேல இருக்கிற மனுஷன். அவருக்கு வர வேண்டிய ரூட்டை இத்தனை நாளா நான் ஜாலியா ஓட்டிட்டு இருந்திருக்கேன், அவர் மார்க்கெட்டுல காலை ஒடிச்சுக்கிட்டு இருந்திருக்கார். என்னைப் பாவி ஆக்கிட்டீங்களே! பெண்டாட்டியா இருந்தா என்ன வேணா பண்ணலாமா? நான் விட மாட்டேன் மேடம். இப்பவே தொறக்கணும். என் கண் முன்னாடி தொறக்கணும். பைபாஸை அவருக்குக் கொடுக்கணும், மார்க்கெட்டுக்கு என் பேரைப் போடணும். இல்லைன்னா நான் மேனேஜர் ரூம் முன்னாடி உக்காருவேன்!"

அடப்பாவி, புருஷனுக்குச் சலுகை காட்டுகிறாள் என்று கத்தினவனே புருஷனுக்கு அநியாயம் செய்தாள் என்று கத்துகிறானே என்று எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது. அந்த ஆளை அப்படியே கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அக்கா உட்கார்ந்தாள். பாஸ்வேர்டு அடித்துக் காவலை எடுத்தாள். புருஷன் வரிசையின் மூன்று கட்டத்தையும் தேர்ந்தெடுத்து, பூட்டின் டிக்கை எடுத்தாள். வக்கீல் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "எடுத்துட்டாங்க, நான் சாட்சி" என்று அறிவித்தான். மறுபடியும் காவல் போட்டாள். போட்டபின் எழுந்து நாற்காலியைத் திருப்பி வைத்தாள்.

"வாங்க. நீங்களே அடிங்க."

சைலன்சர் மகள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். காலை மடக்க முடியாமல் மேஜைக்கு வெளியே நீட்டினார். கர்சர் ஷிப்ட் கட்டத்தில் நின்றது. அதைத் தாண்டினார். ரூட் கட்டத்தையும் தாண்டினார். கடைசிக் கட்டத்தில், வார ஓய்வில், ஒரு விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். ஞாயிறு.

பெட்டி எதுவும் வரவில்லை. எழுத்து அங்கேயே நின்றது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபீஸ்காரர்களுக்குத்தான் ஞாயிறு ஓய்வு. டிரைவர்களில் சீனியர்கள் கேட்டால் கிடைக்கும், கேட்காதவனுக்கு வாரத்தின் நடுவில் ஏதாவது ஒரு நாள். அவருக்கு ஓய்வு என்றால் அக்காவுக்கு ஆபீஸ். அக்காவுக்கு ஓய்வு என்றால் அவர் மார்க்கெட்டில்.

"என்னங்க இது?" என்றாள் அக்கா. "ரூட்டைப் போடுங்க. காலுக்காகத்தானே தொறந்தது? இத்தனை மாசமா அதைத்தானே கேட்டீங்க?"

"ரூட்டு எதுவா இருந்தாலும் ஓட்டியிருப்பேன்" என்றார் அவர். "நான் அடிச்சுப் பாத்தது இந்தக் கட்டத்தைத்தான்."

 அக்கா அவர் தோளுக்கு மேலே குனிந்து கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். ரூட் கட்டத்துக்குப் போய் பைபாஸ் என்று அடிக்கப் பார்த்தாள். தினமும் அதே எழுத்தை அடிக்கிற விரல்கள்தான், எழுத்து தப்புத் தப்பாக விழுந்தது. அழித்தாள், மறுபடியும் தப்பாக விழுந்தது.

"மெதுவா அடிம்மா" என்றார் அவர். "தொறந்துதான இருக்கு."